கணினிக் கல்வியும் கலாசாலைத் தேர்வும்

தோற்றுவாய்

கோடை விடுமுறையில் சங்கரன்கோவிலிலுள்ள என் இல்லத்திற்குச் செல்லும்போதெல்லாம் யான் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மக்களைக் கணினிக் கல்வியில் விடுத்தற்கு எந்தக் கலாசாலை நல்லது என்பதே அவ்வினா. விசைத்தறிக் கூடத்தினின்று மீளும் தந்தையரும், பூச்சந்தையில் பிச்சிப்பூ விற்று வரும் தாய்மாரும், ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாயிலில் நிற்கும் மூப்பர்களும் ஒரே குரலாய் இதனை வினவுகின்றனர். யானோ தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கன். கணினித் துறையில் வல்லுநன் அல்லேன். எனினும் கலாசாலையில் பயில்வோன் என்ற ஒரே காரணம்பற்றி என்னை வினவுவோர்க்கு விடையிறுக்க வேண்டியவனானேன். விடை தேடி யான் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பின், என்னைப்போல் தத்தம் ஊர்களில் இவ்வினாவை எதிர்ப்படும் தோழர்கட்கு ஓரளவு பயன்படுமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

இவ்வாராய்ச்சியில் என்னைப் புகுத்தியது எம் குடும்பத்தில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி. சில ஆண்டுகட்கு முன் என் பெரியப்பாவின் மகனார் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறினார். அவர் வீட்டிற்கு ஒரு தரகர் வந்தார். தொலைவிலுள்ள நகரமொன்றில் ஒரு கலாசாலையைக் குறித்து, "இன்றே முன்பணம் கட்டினாலன்றி இடம் கிடையாது" என்றார். பெரியப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார். அண்ணன் அங்குச் சென்றபோது உயர்ந்த கட்டிடம் இருந்தது, ஆசிரியர்தாம் நிலைத்தாரல்லர். ஒரு பாடத்தை ஓராண்டிற்குள் மூவர் மாறி மாறி நடத்தினர். நான்காண்டுகளும் கழிந்தன. தேறாத பாடங்கள் ஆறு எஞ்சி நிற்கின்றன, பத்திரமும் மீளவில்லை. அண்ணன் சோம்பர் அல்லர்; எம் தெருப் பிள்ளைகளுள் கணக்கில் முதல்வராய் நின்றவர். பிழை நேர்ந்தது படிப்பிலன்று, தேர்விலே என்பதை யாங்கள் காலந் தாழ்த்தே உணர்ந்தோம். சென்ற ஆண்டு என் தங்கை பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, அவளும் கணினிக் கல்வியையே விரும்பியபோது, எம் தந்தையார் என்னை நோக்கி, "இம்முறை விசாரித்துச் செய்வோம்" என்றார். அவ்விசாரணையின் பயனே இக்கட்டுரை.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகைக்கு ஓரதிகாரமும் தெரிந்து தெளிதலுக்கு ஓரதிகாரமும் வகுத்தனர். அவை அரசர்க்கு உரைத்தனவாயினும், தம் மக்களின் நான்காண்டுகளையும் தம் வீட்டுப் பத்திரத்தையும் ஒருங்கே பணயம் வைக்கும் பெற்றோர்க்கும் பொருந்துவனவேயாம். இனி, தெரிய வேண்டியவற்றை முறையே காண்போம்.

1. படிப்பின் பெயரும் பொருளும்

முதற்கண் மயக்கம் தருவது படிப்பின் பெயர். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் எனப் பல பெயர்கள் விளம்பரப் பலகைகளில் மின்னுகின்றன. ஆண்டுதோறும் புதுப்பெயர்கள் தோன்றுவதைக் கண்டு, எப்பெயர் மிகப் புதியதோ அதுவே மிக உயர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒப்புநோக்குவார்க்கு, நிரலெழுதுதல், தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலையமைப்பு ஆகிய அடிப்படைப் பாடங்கள் இரண்டிற்கும் பெரும்பாலும் பொதுவாயிருத்தல் புலனாகும். வேறுபாடு பெரும்பாலும் பின்னாண்டுகளின் விருப்பப் பாடங்களிலேயே உள்ளது. ஆகவே, நன்கு நடைபெறும் கலாசாலையில் தகவல் தொழில்நுட்பம் பயில்வது, செவ்வனே நடைபெறாத கலாசாலையில் புதுப்பெயர்ப் படிப்பொன்றைப் பயில்வதினும் நன்று.

பொறியியற் பட்டம் ஒன்றே வழியென்று எண்ணுதலும் வேண்டா. நான்காண்டுப் பொறியியற் படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கலை அறிவியற் கலாசாலைகளில் மூன்றாண்டில் முடியும் பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பி.சி.ஏ. முதலியனவும் உள. அவற்றின்பின் எம்.சி.ஏ. பயில விரும்புவோர்க்கு, முன்னர் மூன்றாண்டாயிருந்த அப்படிப்பு 2020-21 முதல் இரண்டாண்டாய்க் குறைந்தது. நம் பக்கத்துக் கலை அறிவியற் கலாசாலைகள் 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. சங்கரன்கோவிலுக்கு அணித்தே மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருப்பதை யாவரும் அறிவர். இத்தகைய கலாசாலைகளில் வேண்டிய பாடம் உண்டோ என வினவியறிந்த பின்னரே தொலைவூர்க்குச் செல்ல நினைத்தல் வேண்டும். வீட்டிலிருந்து சென்றுவரும் மாணாக்கனுக்கு விடுதிச் செலவு இல்லையென்பது சிறிய ஊதியமன்று.

2. கலந்தாய்வின் இயல்பு

பொறியியற் படிப்பிற்கு நம் மாநிலத்தில் 1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடைபெறுகிறது. முன்னர் இருந்த நுழைவுத் தேர்வு 2006-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழி நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. 2018 முதல் கலந்தாய்வு இணையவழி நிகழ்கின்றது. ஆடித் தபசுக்கு நம் ஊர் கூட்டங்கூடும் நாட்களை ஒட்டியே பெரும்பாலும் இதுவும் நிகழ்வதால், நினைவில் வைத்தல் எளிது.

மதிப்பெண் கணக்கிடும் முறை இது: கணிதம் நூற்றுக்கு நூறாகவே கொள்ளப்படும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்படும், ஆகமொத்தம் 200. என் அண்ணனுக்குக் கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88. ஆகவே 92, 42, 44 கூடி 178 ஆயிற்று. முந்திய ஆண்டில் எக்கலாசாலையில் எத்துறை எவ்வகுப்பார்க்கு எத்தனை மதிப்பெண்ணில் முடிந்தது என்னும் பட்டியல் இணையத்தில் வெளியிடப்படுகின்றது. அதனை அன்றே பார்த்திருப்பின், முன்பணமின்றியே நம் பக்கத்து நல்ல கலாசாலைகளில் அவர்க்கு இடம் கிடைத்திருக்கும் என்பது விளங்கியிருக்கும். ஒவ்வோராண்டும் பல கலாசாலைகளில் இடங்கள் நிரம்பாமலே எஞ்சுகின்றன என்பதையும் தரகர் சொல்வதில்லை.

விருப்பப் பட்டியலை எழுதும் வரிசையில் பலர் தவறுகின்றனர். கலந்தாய்வில் நானூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகள் உள. கலாசாலைக்கோர் எண்ணும் துறைக்கோர் ஈரெழுத்துக் குறியும் உண்டு. மாணாக்கன் தான் விரும்பும் கலாசாலையையும் துறையையும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுதுவான். அவன் முறை வருங்கால், கணினி அப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடமுள்ள முதலாவதை அவனுக்கு ஒதுக்கும். இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, "பெரியது கிடைக்காது" என்றஞ்சிச் சிறியதை முதலில் எழுதுவோன், பெரியதில் இடமிருந்தும் சிறியதையே பெறுவான். பெரியதை முதலில் எழுதியவன் அது கிடையாவிடினும் அதனால் ஒன்றும் இழப்பதில்லை. ஆகவே மெய்யாக விரும்பும் வரிசையிலேயே எழுதுதல் வேண்டும். மற்றொன்று, பட்டியல் குறுகியதாயின், எழுதிய யாவும் நிரம்பிவிட்டபோது அச்சுற்றில் ஒன்றும் கிடையாது போம். ஆகவே பட்டியல் நெடிதாயிருத்தல் நன்று. ஒத்த பெயருடைய கலாசாலைகள் பல உளவாதலின், பெயரைமட்டும் நோக்காது எண்ணையும் ஒப்புநோக்கி எழுதுக.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இக்கலந்தாய்வில் சேர்ந்தவையல்ல. அவை தாமே மாணாக்கரைச் சேர்க்கின்றன. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியற் கல்லூரியாய்த் தோன்றிய கலசலிங்கம் பின்னர் அந்நிலையெய்தியது. இத்தகையவற்றில் சேர விரும்புவோர் அவற்றின் விதிகளையும் கட்டணத்தையும் தனியே கேட்டறிதல் வேண்டும்.

3. கலாசாலையை ஆராயுமாறு

நம் பக்கத்து மாணாக்கர் எண்ணிப் பார்க்கத்தக்க பழைய கலாசாலைகள் சில உள. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957-இலும், திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரி 1981-இலும், கோவிற்பட்டி நேஷனல் பொறியியற் கல்லூரியும் சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியற் கல்லூரியும் 1984-இலும் தோன்றின. இன்னும் பல பின்னர்த் தோன்றியுள்ளன. இவற்றுள் இன்னதே சிறந்ததென்று யான் கூறப்போவதில்லை. ஒருவனுக்கு எட்டுவது மற்றொருவனுக்கு எட்டாது. எதனையும் ஆராயும் வழியையே கூறுவேன். அவ்வழியை யான் கண்டது எம் பாடநூலாகிய நன்னூலில்.

பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவற்றை உவமையாக்கி, ஆசிரியராகாதார்க்கு நான்கு உவமை கூறுவர். அவை கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு திணித்த குண்டிகை, வளைந்த தென்னை என்பன. ஆசிரியற்குச் சொன்ன இந்நான்கும் கலாசாலைக்கும் அளவுகோலாகும் என்பது என் துணிபு.

கழற்குடம் என்பது, பெய்த வரிசையின்றி வாய்க்கு வந்த காயை முன்னும் பின்னுமாய்த் தருவது. ஆசிரியர் நிலைத்திராத கலாசாலை இத்தகையது. இன்று ஒருவர் தொடங்குவார், நாளை வேறொருவர் இடையிற் புகுவார். மாணாக்கனுக்குப் பாடம் முறையாய் அமையாது. இதனை அறிவது எப்படி? ஆசிரியர் பட்டியலை ஒவ்வொரு கலாசாலையும் தன் இணையத்தளத்தில் வெளியிடல் வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. இருபது மாணாக்கர்க்கு ஓராசிரியர் என்பது பொறியியற் படிப்பிற்கு அக்குழு வகுத்த அளவு. ஆயினும் பட்டியலைமட்டும் நம்புதல் போதாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்னும் அமைப்பு, ஒரே ஆசிரியர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியற் கலாசாலைகளில் முழுநேர ஆசிரியராய்க் காட்டப்பட்டிருத்தலை வெளிப்படுத்தியதும், அண்ணா பல்கலைக்கழகம் அதனை விசாரித்ததும் நாடறிந்த செய்தி. ஆதலின் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரிற் சென்று, இரண்டாமாண்டு மாணாக்கர் ஒருவரிடம், "இவ்வாசிரியர் உங்கட்கு என்ன பாடம் நடத்துகிறார்?" என்று வினவுதல் வேண்டும். மாணாக்கர் விடையில் பெரும்பாலும் பொய்யிராது.

மடற்பனை என்பது, நெடிது உயர்ந்து நிற்பினும் மடலால் ஏறுதற்கரிதாய், தானே விழும் கனியையன்றி வேறு தாராதது. பெயரும் கட்டிடமும் பெரிதாயிருந்தும் மாணாக்கன் அணுகவியலாத கலாசாலை இது. கணினிக்கூடம் பளபளப்பாயிருக்கும், பூட்டியிருக்கும். கணினிக் கல்வி நீச்சற் கல்வி போன்றது. கரையிலிருந்து கேட்டுக் கற்பதன்று. ஆகவே, "கூடத்தில் எத்தனை கணினிகள்?" என்பதினும், "வகுப்பு முடிந்தபின் எத்தனை மணிவரை மாணாக்கன் அங்கு அமரலாம்? நூலகம் மாலையில் திறந்திருக்குமோ?" என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். வீட்டில் கணினியில்லாத எம்போன்றோர்க்கு இவ்வினா உயிர்நிலையானது.

பருத்திக் குண்டிகை என்பது, சிறிது சிறிதாய் வருந்தித் திணிக்கப்பட்டு, வெளியிடும்போதும் அவ்வாறே வருந்தித் தருவது. வினாவிடையை மனப்பாடஞ் செய்வித்துத் தேர்ச்சி காட்டும் கலாசாலை இதனை ஒக்கும். தேர்ச்சி விகிதத்தை நோக்குவார் ஈண்டு ஒரு நுட்பம் அறிதல் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன்னைச் சார்ந்த கலாசாலைகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பொதுவான வினாத்தாளை எழுதும் கலாசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல கருவி. தன்னாட்சி பெற்ற கலாசாலைகளோ தாமே வினாத்தாள் அமைத்துத் தாமே திருத்துவன. அவற்றின் விகிதத்தை மற்றவற்றின் விகிதத்தோடு ஒப்பிடுதல் வெவ்வேறு படியால் அளந்த நெல்லை ஒப்பிடுதல் போலாம். தன்னாட்சி குறையன்று, புதிய பாடங்களை விரைந்து சேர்க்க அது துணைசெய்யும். அளவு வேறு என்பதே கருதத்தக்கது.

வளைந்த தென்னை என்பது, நீரூற்றி வளர்த்தார் ஒருவராக, அயல் மனையில் காயுதிர்ப்பது. நம்மிடம் கட்டணம் பெற்றும் பயன் வேறிடம் சேர்க்கும் கலாசாலை இது. இதன் குறி, வேலைவாய்ப்பு விளம்பரத்தில் காணப்படும். "எம் மாணாக்கர் ஒருவர் ஆண்டிற்கு 30 இலட்சம் ஊதியம் பெற்றார்" என்று பெரும் பலகை வைப்பர். பத்துப் பேருள் ஒருவர் 30 இலட்சமும் மற்றை ஒன்பதின்மர் மும்மூன்று இலட்சமும் பெறின், சராசரி 5 இலட்சத்து 70 ஆயிரம் என்று வரும். ஆனால் அத்தொகையைப் பெற்றார் ஒருவருமிலர். ஆதலின் உச்சத்தையும் சராசரியையும் கேளாது, "இத்துறையில் பயின்றார் எத்தனை பேர்? வேலை பெற்றார் எத்தனை பேர்? வரிசையில் நடுவில் நிற்பவன் ஊதியம் யாது?" என்று மூன்று வினாக் கேட்க. நேர்மையான கலாசாலை விடை கூறும். கூறாமையும் ஒரு விடையே.

இன்னும் ஒன்று. நாக் என்னும் குழுவின் மதிப்பீடு கலாசாலை முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. என்னும் வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்பிற்கும் தனித்தனியே உரியது. ஒரு கலாசாலையில் இயந்திரவியலுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்து கணினித் துறைக்கு இல்லாதிருக்கலாம். "அங்கீகாரம் பெற்றது" என்ற சொல்லோடு அமையாது, எப்படிப்பிற்கு, எவ்வாண்டு வரை என்று வினவுதல் வேண்டும்.

4. செலவுக் கணக்கு

கோபுரங் கட்டத் தொடங்குவோனைக் குறித்து நம் ஆண்டவர் கூறிய உவமையை யாவரும் அறிவர். செலவை முன்னரே எண்ணாதவன் பாதியில் நின்று நகைப்பிற்கிடமாவான். கல்வியும் அத்தகைய கோபுரமே.

முதலாவது, அரசினர் உதவிகளை அறிதல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் முன்னுரிமையாய் ஒதுக்கப்படுகின்றது. அவ்வழிச் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கின்றது. குடும்பத்தில் முதன்முதல் பட்டப்படிப்பிற் புகுவோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகையுண்டு. இவையிரண்டும் கலந்தாய்வின் வழிச் சேர்வோர்க்கே உரியன. தரகர் வழி நிர்வாக இடத்திற் சேர்வோர் முன்பணத்தோடு இவ்வுரிமைகளையும் இழக்கின்றனர் என்பதை எம் பெரியப்பா அறிந்திலர். இவையன்றி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்மக்கட்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்மக்கட்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

இரண்டாவது, நன்கொடை. நன்கொடை வாங்குதலை நம் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. தனியார் கலாசாலைகளின் கட்டணத்தை அரசு அமைத்த குழு வரையறுக்கின்றது. சேர்ந்தபின் வகுப்புத் தொடங்குமுன் விலகுவோர்க்குச் சிறிய தொகை மட்டும் கழித்து எஞ்சியதைத் திருப்பித்தருதல் வேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தல் ஆகாது. இவ்விதிகளை அறிந்தோனிடம் தரகர் நெடுநேரம் பேசுவதில்லை.

மூன்றாவது, வங்கிக் கடன். நான்கு இலட்சம் வரையுள்ள கல்விக் கடனுக்குப் பொதுவாக ஈடு கேட்கப்படுவதில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகுவைக்க வேண்டியதுமில்லை. ஆயினும் படிக்குங்காலத்திலும் வட்டி வளர்ந்துகொண்டே வரும் என்பதைப் பலர் மறக்கின்றனர். ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓரிலட்சமாக நான்காண்டு கடன் பெறுவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்தாகவும் வைத்துக்கொள்வோம். முதல் இலட்சத்திற்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000, நான்காவதற்கு 10,000 என, படிப்பு முடியும்போது வட்டி ஓரிலட்சமாகும். வேலை தேடும் ஓராண்டுத் தவணையில் இன்னும் 40,000 சேரும். ஆக, நான்கு இலட்சம் 5 இலட்சத்து 40 ஆயிரமாய் எதிர் நிற்கும். மேலே கூறிய "நடுவில் நிற்பவன் ஊதியம்" என்னும் எண்ணை இத்தொகையோடு வைத்து நோக்குக. கோபுரம் கட்டலாமா கூடாதா என்பது அப்பொழுதே விளங்கும்.

5. கலாசாலையே வேண்டுமோ?

இவ்வினாவை எழுப்புவோர்க்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்றுண்டு. தென்காசிக்கு அணித்தாகிய மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் சோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நடத்துகின்றது. 1996-இல் வேறு பெயருடன் தோன்றிய அந்நிறுவனம், ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. பட்டம் பெறாத, பள்ளிக்கல்வி முடித்த இளைஞரைத் தேர்ந்து, கட்டணம் வாங்காது உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, பின் வேலையில் அமர்த்துவது அதன் முறை. பின்னர் அப்பயிற்சி தென்காசிப் பக்கத்திலும் நடைபெறலாயிற்று. அதன் நிறுவநருள் ஒருவராகிய ஸ்ரீதர் வேம்பு 2019 முதல் அப்பக்கத்துச் சிற்றூரிலேயே வாழ்ந்து வருகின்றார்.

இச்சான்றினின்று, "பட்டம் வேண்டா" என்று முடிவு செய்தல் அவசரமாகும். அத்தகைய இடங்கள் சில, விழைவோர் பலர். அரசினர் உத்தியோகத்திற்கும் மேற்படிப்பிற்கும் பட்டம் இன்றியமையாதது. ஆனால் ஒருண்மை இதனால் வலியுறும்: மென்பொருள் நிறுவனங்கள் நாடுவது கைவந்த திறமையையே. கட்டளையிட்டால் நிரலை இயந்திரமே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் காலம் இது. இயந்திரம் எழுதியது சரியோ தவறோ என்று கண்டறிய, அடிப்படையைக் கற்றவன் வேண்டும். ஆகவே கலாசாலையைத் தேர்வோர், "இங்கு எப்பட்டம் கிடைக்கும்?" என்பதோடு, "இங்கு நான்காண்டிருந்தால் என் கை எதனைச் செய்யப் பழகும்?" என்றும் வினவுதல் கடன்.

முடிவுரை

என் தங்கையின் செய்தியைக் கூறி முடிப்பேன். யாங்கள் மூன்று கலாசாலைகட்கு நேரிற் சென்றோம். முதலாவதில் வாயிற்காவலர் எங்களை அலுவலகத்திற்கு மேல் செல்லவிட்டிலர். இரண்டாவதில் யாவும் நன்றாயிருந்தன. விடுதிச் செலவு எம் அளவிற்கு மிஞ்சியது. மூன்றாவதில் கட்டிடம் பழையது. மாலை ஐந்தரை மணிக்கு யாங்கள் திரும்பும்போது, கணினிக்கூடத்தில் விளக்கெரிந்தது. உள்ளே ஏழெட்டு மாணவியர் அமர்ந்திருக்க, ஆசிரியை ஒருவர் ஒரு மாணவியின் பின்னே நின்று திரையைச் சுட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என் தங்கை சன்னலருகே சிறிது நேரம் நின்று பார்த்தாள். வீடு வந்ததும் அவள் தன் பட்டியலில் அக்கலாசாலையை முதலில் எழுதினாள். அரசுப் பள்ளியில் பயின்றவளாதலின் அதற்குரிய ஒதுக்கீட்டில் இடமும் பெற்றாள். இப்பொழுது நாள்தோறும் விடியற்காலைப் பஸ்ஸில் சென்று வருகின்றாள். தன் பாடங்களில் எவை கடினமென்பதை அண்ணனிடம் கேட்கிறாள். தேறாத ஆறு பாடங்களை மீண்டும் எழுதப் பயிலும் அண்ணனும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தே தாமும் கற்கின்றார். வரும் பரீட்சையில் அவர் தேறுவாரென்பது எங்கள் நம்பிக்கை.

நம் கலாசாலை மாணாக்கர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம். நம்முள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நமக்கு இன்று எளிதாய்த் தோன்றும் செய்திகள், முதன்முதலாய்ப் பிள்ளையைக் கலாசாலைக்கு விடுக்கும் பெற்றோர்க்கு இருளாயிருக்கின்றன. அவ்விருளிலேதான் தரகர் வாழ்கின்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாட்களில், ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஆலயக் கூடத்திலோ பள்ளித் திண்ணையிலோ இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து, விருப்பப் பட்டியல் எழுதுவார்க்குத் துணைசெய்தால் போதும். கணினித் துறையில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணாக்கர், தம் கலாசாலையின் உண்மை நிலையை ஒளியாது சொன்னால் போதும். அதற்குப் பொருட்செலவில்லை, ஒரு குடும்பத்தின் பத்திரம் அதனால் காக்கப்படும்.

வரும் கோடையில் சங்கரன்கோவிலில் எங்கள் ஆலயக் கூடத்தில் அவ்வாறு அமர யானும் என் அண்ணனும் எண்ணியிருக்கின்றோம். அண்ணனே முதலில் பேசுவதாகச் சொல்லியிருக்கின்றார். எல்லாம் வல்ல கர்த்தர் அம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக.